முதலில் ரப்பர், பிறகு குதிரைவலு

குளிர்சாதனப் பெட்டி, கூரையில் பூட்டும் சூரியத் தகடு, தவணைக்கு எடுத்த தையல் இயந்திரம் என்று வழக்கமாக வரும் கேள்விகளுக்கு நடுவே இந்த முறை பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. காரணம் விளங்காமல் இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. முப்பது வயதுக் கார் வேண்டுமென்றால் இன்றைக்கும் ஏற்கெனவே இங்கே இருப்பதில் ஒன்றைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அப்படித் தேடுகிறவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆகவே இந்த வாரப் பகுதி முழுவதும் அவர்களுக்கு.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. கல்லடியில் இருக்கிறேன். நீர்கொழும்பில் 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. சிவப்பு நிறம், முன்விளக்குகள் எழும்பி அமரும் வகை. படத்தில் பளபளக்கிறது. 'ஓபன் பேப்பர்' இருக்கிறது, காசைக் கொடுத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார் விற்பவர். நேரில் போய் எதைப் பார்க்க வேண்டும்? அப்பா இப்போதே திட்டத் தொடங்கிவிட்டார்.

பதில்: தம்பி, காரைப் பார்க்க முன் கடதாசியைப் பார்ப்போம். 'ஓபன் பேப்பர்' என்பதை ஏதோ சலுகை போல விற்பவர்கள் சொல்கிறார்கள். யாரோ ஒருவர் திகதி போடாமல் கையெழுத்து வைத்த உரிமை மாற்றப் படிவம் நான்கைந்து கைகள் தாண்டி உங்களிடம் வருகிறது, அவ்வளவுதான். பதிவில் பெயர் உள்ளவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். நிதி நிறுவனத்தின் பெயர் பதிவில் இன்னும் நீக்கப்படாமல் இருக்கலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரத்தை எடுங்கள். அதில் உள்ள சஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஓர் எழுத்தும் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் விற்பவர் தரும் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வாருங்கள்.

காரைப் பொறுத்தவரை உங்கள் தெரிவு கெட்டிக்காரத்தனமானது. யூனோஸ் என்பது ஜப்பானில் மஸ்டா நிறுவனம் வைத்திருந்த ஒரு விற்பனைக் கிளையின் பெயர். உலகின் மற்ற இடங்களில் இதே கார் எம்எக்ஸ்-5. 1989இல் வந்தது, 1.6 லீற்றர் எஞ்சின், பின்சில்லு இழுவை, ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை. 2016இல் பத்து இலட்சமாவது கார் தயாரிக்கப்பட்டது. இவ்வளவு எண்ணிக்கையில் ஓடும் காருக்கு உதிரிப்பாகப் பஞ்சம் எளிதில் வராது. மஸ்டாவே 2017இல் ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் காருக்கென்று புதுப்பிக்கும் சேவையை அறிவித்து, துணிக்கூரை, ஸ்டியரிங் சில்லு, கியர்ப் பிடி போன்றவற்றை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. வேறு பல அழகிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

இனி, பார்க்க வேண்டியவை. இந்தக் காரைக் கொல்வது எஞ்சின் அல்ல, துரு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள சிறு வடிகால்களால் இறங்கிக் கீழே போக வேண்டும். இலையும் தூசியும் அடைத்தால் நீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதிக்குள் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே தகடு அப்பளமாக இருக்கும். கையோடு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு போங்கள். கூரை மடியும் மூலையில் மெல்ல ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். கீழே சொட்டினால் வடிகால் உயிரோடு இருக்கிறது. பிறகு ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பின்சில்லுக்கு முன்னால் உள்ள பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது தகடு அல்ல, துருவை மூடப் பூசிய புட்டி. கடற்கரையோரக் காருக்கு இந்த இரண்டு சோதனையும் கட்டாயம். நீர்கொழும்பும் கடற்கரைதான், நீங்கள் கொண்டுவரப்போகும் கல்லடியும் கடற்கரைதான். வாடைக்காற்று கொண்டுவரும் உப்புக்குச் சிவப்புக் கார், வெள்ளைக் கார் என்ற பேதமில்லை.

1990ஆம் ஆண்டு என்று எழுதியிருப்பதால் இன்னொன்று. 1991இன் முற்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங் தண்டின் மூக்கு குட்டையானது. அதன் முன்னால் உள்ள புலி, அதாவது பெல்ட் ஓடும் சில்லு, ஒரு தடவை கழற்றப்பட்டுச் சரியான இறுக்கத்தில் பூட்டப்படாவிட்டால் சாவித் துளை தேய்ந்து, புலி ஆடத் தொடங்கி, கடைசியில் தண்டே கெட்டுப்போகும். புலியின் முகத்தில் உள்ள வெட்டுத் துளைகளை எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை மூக்கு, எட்டு என்றால் நீளமானது. நான்கு என்பதற்காகக் காரை விட்டுவிட வேண்டியதில்லை. எஞ்சினை ஓடவிட்டு, புலி நெளியாமல் நேராகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது அது. பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று கணக்கில் வையுங்கள். நல்ல வேளையாக, இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை. கார் நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். ரேடியேற்றரின் மேற்பகுதியில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் மண்ணிறமாக மாறியிருந்தால் அது வெடிக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை உங்களிடமிருந்து மறைக்கிறார். குளிரில் இயக்கும்போது சில நொடிகள் மேலே 'டக் டக்' என்று கேட்பது இந்த எஞ்சினின் சுபாவம். நீலப் புகை அப்படி அல்ல. நான்கு சிலிண்டருக்கும் கம்பிரஷன், அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், அளந்து பார்க்கப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. இருக்கைத் தண்டவாளத்தின் அடியிலும் பின்பெட்டியில் பற்றரி இருக்கும் மூலையிலும் வண்டல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தை நாங்கள் மறக்கவில்லை. 2016 மே மாதம் கொழும்பு, கம்பகா பக்கமும் கார்கள் தண்ணீரில் நின்றன.

விலை பேசும்போது கையில் உள்ள பணத்தில் கால்பங்கைத் தனியே எடுத்து அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். முதல் ஆறு மாதத்தில் அது முழுவதும் போகும். அப்பாவிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள்: எங்கள் பக்கத்தில் வீடு எப்படியும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போய்விடும், ஆண்பிள்ளை காரையாவது வைத்துக்கொள்ளட்டுமே.

கேள்வி: அக்கரைப்பற்றில் ஆசிரியையாக இருக்கிறேன். என் தம்பி கட்டாரில் வேலை. அவனுடைய 1986ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2 என் பொறுப்பில் நிற்கிறது. ரேடியேற்றர் குழாய் ஒன்று கசிந்ததால் கராஜில் கொடுத்து மாற்றினேன். அன்றிலிருந்து பத்துக் கிலோமீற்றர் ஓடுவதற்குள் வெப்பமானி முள் சிவப்புக்குப் போகிறது. எஞ்சினின் தலைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். தம்பியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பதில்: தங்கச்சி, தம்பியிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். எஞ்சினைத் திறக்கவும் விட வேண்டாம். குழாய் மாற்றிய அன்றிலிருந்துதான் சூடாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோயின் பெயர் அந்த வரியிலேயே இருக்கிறது.

இந்தக் காரில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது, ரேடியேற்றரோ முன்மூக்கில். குளிர்நீர் காரின் வயிற்றுக்குக் கீழாக நீண்ட குழாய்களால் போய் வருகிறது. சாதாரணக் காருக்குச் செய்வதுபோல மூடியைத் திறந்து தண்ணீரை ஊற்றி மூடினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்று நிற்கும் இடத்தைத் தாண்டி நீர் ஓடாது. முன்னால் ரேடியேற்றர் குளிர்ந்தே கிடக்கும். பின்னால் எஞ்சின் கொதிக்கும். இதற்கென்றே முன் ரேடியேற்றரிலும் ஹீற்றரிலும் காற்றை வெளியேற்றும் வழிகளை வைத்திருக்கிறார்கள். ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை பொறுமையாக நிரப்ப வேண்டும். அரை நாள் வேலை. வேன் பழுதுபார்த்துப் பழகியவருக்கு இது தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாமலே கேஸ்கெட்டுக்குப் போனதுதான் குற்றம்.

கேஸ்கெட் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று திறக்காமலே பார்க்கலாம். குளிர்நீரில் எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறும் ஒரு சோதனைத் திரவம் இருக்கிறது, நீலம் மஞ்சளாகும். அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் பம்பும் இருக்கிறது. இரண்டும் செய்த பிறகு பேசச் சொல்லுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: அதுவரை காரை ஓட்டவே வேண்டாம், பக்கத்துக் கடைக்குக்கூட. இந்த எஞ்சினின் அடிப்பகுதி இரும்பு, தலைப்பகுதி அலுமினியம். இரண்டு மூன்று தடவை கொதித்தால் அலுமினியம் வளைந்து, இன்று இல்லாத கேஸ்கெட் நோய் நாளை உண்மையாகவே வந்துவிடும்.

அவர்கள் எந்தத் தண்ணீரை ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் என்னுடைய காருக்கு ஒரு கராஜில் முற்றத்துக் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றினார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் மணற்தரைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. கேத்தலின் அடியில் படிவது ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ஒன்றரை ஆண்டில் ரேடியேற்றரைப் பழைய இரும்புக்குப் போட்டேன். வடித்த நீரும் கூலன்ட் திரவமும் சரிபாதி கலந்து ஊற்றுவது பெரிய செலவல்ல.

உரிமை என்று வந்தால், பணம் வாங்கிச் செய்யும் வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்து கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. முறைப்பாட்டை வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களிடம் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே போய்க் கேட்டு வாங்குங்கள். சண்டை பிடிக்க முன் கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்கள்.

கேள்வி: காக்கா, நான் காத்தான்குடி. 1997 ஹொண்டா சிவிக் வைத்திருக்கிறேன். ஸ்பிரிங்கை வெட்டி இரண்டு அங்குலம் இறக்கி, 17 அங்குல ரிம் போட்டு, சத்தமான சைலன்சர் ஒன்று பூட்டலாம் என்று இருக்கிறேன். எந்த வரிசையில் செய்வது நல்லது?

பதில்: தம்பி, மூன்றையும் செய்யாமல் விடுவதுதான் நல்ல வரிசை. கோபிக்க வேண்டாம், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஸ்பிரிங்கை வெட்டுவது இறக்குவது ஆகாது. வெட்டிய ஸ்பிரிங் தன் இருப்பிடத்தில் சரியாக உட்காராது. ஷொக் அப்சோபரின் ஓட்டம் குறைந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் அடிமுட்டும். சில்லு உள்பக்கமாகச் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும்; வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகவே தெரியும், மழை நாளில் வெடிக்கும்வரை. காத்தான்குடி ஒழுங்கைகளின் வேகத்தடைகளை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. பெரும்போக அறுவடை நேரத்தில் சம்மாந்துறைப் பக்கம் வந்து பாருங்கள். பாதி வீதியில் நெல் காயும். இரண்டு அங்குலம் இறக்கிய காரோடு அதன் மேல் ஏறினால் நெல்லுக்காரர் சும்மா விடமாட்டார், எக்சோஸ்ட் குழாயில் சிக்கும் வைக்கோலும் சும்மா விடாது. இறக்கியே ஆக வேண்டும் என்றால் இந்தக் காருக்கென்று செய்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷொக் அப்சோபரும் சோடியாக வாங்கி, ஓர் அங்குலத்தோடு நிறுத்தி, அன்றைக்கே சில்லுகளின் அலைன்மென்ட் பாருங்கள்.

14 அங்குலத்துக்காக வடிவமைத்த காரில் 17 அங்குலம் என்றால் டயரின் சுவர் மெலிந்துவிடும். பள்ளத்தின் அடி முழுவதும் ரிம்முக்கும் உங்கள் முதுகுக்கும் வரும். சில்லின் எடை கூடுவதால் கார் முன்னைவிட மெதுவாகவே எழும்பும். 15 அங்குலம், எடை குறைந்த ரிம், பெயர் தெரிந்த டயர். இதற்கு மேல் இந்தக் காருக்கு எதுவும் தேவையில்லை.

சைலன்சர் விடயத்தில் பொலிஸார் இப்போது கடுமையாக இருக்கிறார்கள். சத்தக் குழாய், கண்ணைப் பறிக்கும் விளக்கு, அனுமதியில்லாத மாற்றங்கள் எல்லாவற்றையும் வீதியிலேயே நிறுத்திக் கழற்றச் சொல்கிறார்கள். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிட்டிக் கன்வேர்ட்டரையும் சேர்த்துக் கழற்றினால் ஆண்டுதோறும் எடுக்கும் புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. சத்தம் வேண்டுமென்றால் கட்டுக்குருந்தையில் ஓட்டப்போட்டி நடக்கும் நாளில் போய் வயிறு நிறையக் கேட்டுவிட்டு வரலாம்.

அந்தப் பணத்தை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டும் நீங்கள். 1997ஆம் ஆண்டுக் காரில் இரும்பு இன்னும் நன்றாகவே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். சஸ்பென்ஷன் புஷ்கள், எஞ்சின் மவுன்ட்கள், பிரேக் குழாய்கள், டயர் எல்லாம் ரப்பர்தான். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டு தாண்டியிருந்தால் பூப் போகாமல் இருந்தாலும் வீச வேண்டியதுதான். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 230 பாகை வரை தாங்க வேண்டிய டொட் 4 திரவம், ஈரம் ஏறினால் 155 பாகை அளவிலேயே கொதிக்கக்கூடும். கண்டியிலிருந்து மகியங்கனை இறங்கும் பதினெட்டு வளைவில் அது கொதித்தால் மிதி தரைக்குப் போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற ஆகும் செலவு உங்கள் ரிம்மின் மூடி ஒன்றின் விலைகூட இல்லை. புஷ்ஷும் ஷொக் அப்சோபரும் புதிதாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஹொண்டாக்காரன் அந்தக் காலத்தில் எவ்வளவு நல்ல காரைச் செய்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகும் இறக்க ஆசை இருந்தால் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: ஏறாவூரிலிருந்து எழுதுகிறேன். என் பழைய யூனோஸுக்கு 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. ஒக்டேன் என்பது பெற்றோலின் பலம் அல்ல, அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் தன்மை. உங்கள் 1.6 எஞ்சினின் அமுக்க விகிதம் 9.4; பற்றவைப்பு நேரம் கம்பனி வைத்தபடியே இருந்தால் 92 போதும். யாராவது அந்த நேரத்தை முன்னுக்கு நகர்த்தியிருந்து, மேட்டில் ஏறும்போது 'கிணிகிணி' என்று கேட்டால் மட்டும் 95 அடியுங்கள்.

கேள்வி: கல்முனையில் இருக்கிறேன். கொழும்பில் ஒரு கடையில் 'ஜப்பான் ஒரிஜினல்' என்று சொல்லி கிளச் தட்டும் பிரஷர் பிளேட்டும் அனுப்பினார்கள். மூவாயிரம் கிலோமீற்றரில் எரிந்துவிட்டது. பெட்டியில் எழுத்துப் பிழை இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். பூட்டியவரின் பிழை என்கிறார் கடைக்காரர். பொருளின் பிழை என்கிறார் பூட்டியவர்.

பதில்: பந்து இப்படித்தான் உருளும், நடுவில் நிற்பவருக்கே உதை. பழைய தட்டை வீசவில்லையே? அதுவும் பெட்டியும் பற்றுச்சீட்டும்தான் உங்கள் சாட்சிகள். மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் வெறுமனே 'கிளச் செட்' என்று இருக்கிறதா, தயாரிப்பாளரின் பெயரும் பாக இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் இலக்கமும் இருந்தால் உங்கள் கை ஓங்கும். கடைக்காரர் சொன்ன உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றார் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசியில் கேட்க 1977. விற்ற நாளிலிருந்து மூன்று மாதம் என்ற எல்லையை மறக்க வேண்டாம். 'பேசித் தீர்க்கலாம், அடுத்த வாரம் வாருங்கள்' என்று இழுத்தடிப்பவர்களுக்கு அந்த எல்லை உங்களைவிட நன்றாகத் தெரியும்.

புதிய தட்டைப் பூட்ட முன் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: பின்பக்கத்து ஒயில் சீல் கசிகிறதா, பிளைவீல் முகம் சீராக்கப்பட்டதா? ஒயில் பட்ட கிளச் ஒரிஜினலாக இருந்தாலும் வழுக்கி எரியும். சீல் கசிந்திருந்தால் கடைக்காரர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைத்து முறையிட்டால் முறைப்பாடு நிற்காது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்குகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு வார்த்தை. வெளிப்பாகம், கண்ணாடி, கதவுப் பூட்டு, இருக்கை எல்லாம் அங்கே பழையதாக வாங்கலாம், தாராளமாக. பிரேக், கிளச், பெல்ட், தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது, பிறர் போட்ட செருப்பை வாங்கி மலை ஏறுவது போல. வெளிநாட்டிலிருந்து நேரடியாக எடுப்பதென்றால் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பொதியாக எடுங்கள். தனியே ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கேள்வி: ஓட்டமாவடி. 1991ஆம் ஆண்டு காரில் ஏசி குளிர்வதில்லை. காஸ் மட்டும் அடித்தால் போதும் என்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் அடிக்கிறேன்.

பதில்: ஆண்டுதோறும் அடிக்கிறீர்கள் என்றால் ஆண்டுதோறும் கசிகிறது. ஓட்டையை அடைக்காமல் குடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கார் செய்யப்பட்ட காலத்தில் போட்டது ஆர்-12 காஸ். ஓசோன் படலத்துக்காகச் செய்த மொன்றியல் உடன்படிக்கையின்படி 2010இல் அது எங்களைப் போன்ற நாடுகளிலும் முடிந்த கதை. இப்போது அடிப்பது ஆர்-134ஏ ஆக இருக்கும். பழைய கனிம ஒயில் இந்தக் காஸோடு கலக்காது; கம்பிரசருக்குள் ஒயில் திரும்பி வராமல் அது காய்ந்து இறுகிவிடும். ஒரு முறை முழுவதும் கழுவி, ஒயிலை மாற்றி, ரப்பர் வளையங்களையும் ஈரம் உறிஞ்சும் ட்ரையரையும் புதிதாகப் போட்டு, வெற்றிடமாக்கிப் பிறகு அடிக்கச் சொல்லுங்கள். மலிவாக ஏதோ காஸ் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதன் பெயரைக் கேளுங்கள். சமையல் காஸின் உறவுக்காரர்களும் அந்தச் சந்தையில் உலாவுகிறார்கள்; தீப்பிடிக்கும்.

கேள்வி: அம்பாறை நகரில் இருக்கிறேன். என் காரின் 1.6 எஞ்சினை எடுத்துவிட்டு பாதியாக வெட்டி இறக்குமதி செய்த 'ஹாஃப் கட்' கார் ஒன்றிலிருந்து 2.0 எஞ்சினைப் போட நண்பர் ஒருவர் பேசி முடித்துவிட்டார். பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேண்டுமா?

பதில்: கட்டாயம். எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் பதிவில் உள்ளவை. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிய வேண்டும். அதற்கு அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டும் விற்பனைச் சீட்டும் இறக்குமதி ஆவணமும் வேண்டும். எனவே எஞ்சினைத் தூக்கும் முன் அந்தக் கடதாசிகளைக் கையில் வாங்குங்கள். பிறகு தருவதாகச் சொல்பவர் தரமாட்டார்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் மாற்றிய எஞ்சினோடு அம்பாறை வீதியில் இரவில் ஒரு யானையில் மோதிவிட்டு இழப்பீடு கேட்டால், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கார் இது இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பெறுமதியையும் பாருங்கள். கட்டுப்பணம் குறையட்டும் என்று காரின் விலையைப் பாதியாகப் போட்டிருந்தால் சின்னச் சேதத்திலும் பாதிதான் தருவார்கள். பழைய கார் என்பதால், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பெறுமதியில் காப்புறுதி தருகிறார்களா என்று கேளுங்கள். படங்களும் செலவுச் சீட்டுகளும் கேட்பார்கள், கொடுங்கள். தகராறு வந்தால் முறைப்பாடுகளை விசாரிக்கக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

கூடிய வலுவுக்கு அந்தக் காரின் பிரேக்கும் கியர் பொக்ஸும் தாங்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. நண்பரும் சொல்லியிருக்கமாட்டார். தாங்காது. அவற்றையும் மாற்றும் செலவைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இரண்டாவது கார் ஒன்றின் விலை வந்து நிற்கும்.

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு குடும்பப் பெண். என் கணவர் பழைய கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறார். மாரி முழுவதும் அது தறப்பாளுக்குள் நிற்கும். தை பிறந்ததும் பற்றரி செத்துவிட்டது, பிரேக் இறுகிவிட்டது என்று மறுபடி செலவு. ஓடினால்தானே செலவு, நிற்கும் காருக்கு என்ன செலவு?

பதில்: அம்மா, யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்தக் கார் இரண்டு விதமாகவும் தின்னும். ஆனால் நிற்கும்போது தின்பதைக் குறைக்கலாம். கணவரிடம் இதைக் கத்தரித்துக் கொடுங்கள்.

முதல் குற்றவாளி அந்தத் தறப்பாள். பிளாஸ்டிக் விரிப்பு மழையை வெளியே வைக்கும், ஈரத்தை உள்ளே பூட்டும். அடியில் நிற்கும் கார் வியர்த்து வியர்த்தே துருப்பிடிக்கும். நாலு தூண், ஒரு தகரக் கூரை, நாலு பக்கமும் காற்று, அது போதும். நிறுத்தும் முன் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, காயும்வரை ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். கைப்பிரேக்கை இழுத்து வைக்கவே கூடாது. கியரில் போட்டு, சில்லுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தால் போதும்; பிரேக் இறுகுவது அத்தோடு நிற்கும். பற்றரியின் ஒரு முனையைக் கழற்றி வைக்க வேண்டும். டயருக்குக் காற்றைச் சற்றுக் கூட்டி வைக்கலாம். பெற்றோல் தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் சேராது. 2022இல் வரிசையில் நின்ற ஞாபகத்தில் அவரும் மறுக்கமாட்டார்.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டு நிறுத்துகிறாரா? பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு அது. ஐந்து நிமிடத்தில் ஒயில் சூடாகாது. எரிந்த வாயுவின் ஈரம் ஒயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மழை விட்ட காலையில் கல்முனை வரை போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்ளுங்கள். வரும் வழியில் மீன் வாங்கலாம். எலி மட்டும் கவனம். மாரியில் வயலெல்லாம் நிறைந்துவிட்டால் எலிக்குப் போக இடமிருக்காது, பொனட்டுக்குள் வயரைக் கடித்துக் கூடு கட்டும். ஓட்ட முன் ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.